ஆரோ நிலையத்துப் பீப்பாய்கள்



தேயிலைத் தரங்களைப் பற்றிச் சென்ற திங்கள் இப்பகுதியில் எழுதியதைப் படித்துவிட்டு, கரமனையில் வாழும் நம் சங்கத்து அம்மையார் ஒருவர், "தம்பி, தேயிலைக்குத் தரம் சொன்னீர்கள். எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு புட்டி வந்து அமர்ந்திருக்கிறது, அதற்கும் தரம் சொல்லுங்கள்" என்றார். ஐரோப்பாவில் பணிபுரியும் மருமகப்பிள்ளை விடுமுறையில் வந்தபோது மாமனாருக்குப் பரிசாகக் கொணர்ந்த ஸ்பெயின் நாட்டுச் செந்நிறத் திராட்சை மது அது. நாற்பது யூரோ விலையாம். அம்மையாரின் கணவர் அதனைத் திறக்கவுமில்லை, அகற்றவுமில்லை. வருவோர் போவோர் காண வெள்ளிக் குத்துவிளக்கின் அருகே நிறுத்தி வைத்திருக்கிறார். "இது ஓக் மரப் பீப்பாயில் முதிர்ந்தது, இதயத்துக்கு நல்லது, புறநானூற்றிலேயே இருக்கிறது" என்பது அவர் கட்சி. அம்மையாரின் உடன்பிறந்தார் ஒருவர் குடியினால் குடும்பம் இழந்து மறைந்தவர். ஆதலின் அம்மையாரின் அச்சத்தை அறியாமை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

அவர் கேட்டவை மூன்று. இவ்வளவு விலை எதற்கு? இதுவும் சாராயந்தானா, வேறா? மருமகப்பிள்ளை மறுமுறை வந்து இதனைத் திறந்தே தீருவேன் என்றால், உடன் உண்ண எதனைச் சமைத்து வைப்பது? மூன்றும் நேரிய வினாக்கள். இவை ஒரு வீட்டு வினாக்களும் அல்ல. கழக்கூட்டத்துக் கணினி நிறுவனங்களிலும் கடல்கடந்த ஊர்களிலும் நம் பிள்ளைகள் பணிபுரியும் இக்காலத்தில் இத்தகைய புட்டி எவ்வீட்டுக்கும் வரக்கூடும். இரயில்வேயில் பார்சல் எழுதிப் பிழைக்கும் எனக்கு மதுவைப் பற்றி எழுதத் தகுதி யாது என்று கேட்பீராயின், இம்மதுவின் வரலாற்றில் பாதி இரயில்வேயின் வரலாறு என்பதே விடை.

புட்டியின் மேல் "ரியோஹா" என்றும் "கிரான் ரெசர்வா" என்றும் இருந்தனவாம். ரியோஹா என்பது ஸ்பெயினின் வடபகுதியில் எப்ரோ ஆற்றின் கரையில் அமைந்த நிலப்பகுதி. அதன் மேற்பகுதியில் ஆரோ என்றொரு சிற்றூர் உண்டு. நம் குழித்துறை, நெய்யாற்றின்கரை ஆகியவற்றைவிடவும் சிறியது. 1860-களில் பில்பாவோ துறைமுகத்தையும் எப்ரோ ஆற்றுச் சமவெளியையும் இணைக்கும் இருப்புப்பாதை அவ்வூர் வழியே இடப்பட்டது. அப்பாதையை அமைத்த பொறியாளர் சார்லஸ் விக்னோல்ஸ் என்னும் பிரித்தானியர். இன்று தம்பானூர் நிலையத்தில் நாம் காணும் தட்டை அடியுள்ள தண்டவாள வகைக்கு அவர் பெயரையே நூல்களில் வழங்குவர். இருப்புப்பாதைத் துறையினர் அவரை அறியாதிருத்தல் அரிது. அவர் பாதையினால் ஒரு மது புகழ்பெற்றது என்பதைத்தான் நான் இப்பொழுது அறிந்தேன்.

அது நிகழ்ந்தவாறு யாதெனின், ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் பில்லாக்சரா என்னும் நுண்ணிய பேன் புகுந்தது. அது வேரைத் துளைத்துக் கொடியைக் கொல்லும். 1860-களில் தோன்றிய அந்நோய் அடுத்த இருபதாண்டுகளில் பிரெஞ்சுத் தோட்டங்களைப் பாழ்படுத்தியது. போர்தோ நகரத்து வணிகர்கள் மதுவுக்கு எங்கே போவார்கள்? மலைத்தொடருக்கு அப்பால் பேன் எட்டாத ரியோஹாவுக்கு வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் ஊர் முறையையும் உடன் கொண்டுவந்தார்கள். பிழிந்த மதுவை 225 லிட்டர் கொள்ளும் ஓக் பீப்பாயில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருத்தலே அம்முறை. அதற்கு முன்பே இரண்டொரு பெருமக்கள் அதனை அங்கே செய்து பார்த்திருந்தனர். எனினும் ஊர்ப் பொதுவழக்கமாக்கியது இவ்வணிகமே.

இங்கேதான் நிலையம் வருகிறது. நிரம்பிய பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 275 கிலோ நிறையுடையது. அதனை மாட்டுவண்டியில் நெடுந்தொலைவு இழுப்பதைவிட, நிலையத்துக்கு அருகிலேயே மதுக்கூடம் கட்டி அங்கிருந்தே வண்டியில் ஏற்றுவது எளிது. பார்சல் கொட்டகையில் ஒரு நாள் நின்றவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆகவே மதுக்கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஆரோ நிலையத்தைச் சுற்றி எழுந்தன. 1877-இல் லோபெஸ் தெ ஏரெதியா, 1879-இல் கூனே, 1890-இல் லா ரியோஹா ஆல்தா என இன்றும் புகழுடன் விளங்கும் கூடங்கள் யாவும் அந்த ஒரு நிலையத்தின் அருகே கூடியிருக்கின்றன. அப்பகுதிக்கே "நிலையப் பேட்டை" என்று பெயர். கூனே நிறுவனத்தின் பீப்பாய்க் கூடம் ஒன்றை, பாரிசு நகரத்துக் கோபுரத்தை எழுப்பிய ஐஃபலின் நிறுவனத்தார் நடுவில் தூணே இல்லாமல் வடிவமைத்துக் கொடுத்தனர். பீப்பாய்களை உருட்டிச் செல்லத் தூண்கள் இடையூறு அன்றோ! நமது சரக்குக் கொட்டகைகளைக் கட்டியவர்கள் இதனைச் சற்று எண்ணியிருக்கலாம்.

பின்னர் 1899-இல் அந்தப் பேன் ரியோஹாவுக்கும் வந்து சேர்ந்தது. அதற்குள் மருந்து கண்டறியப்பட்டுவிட்டது. அப்பேனுக்கு அசையாத அமெரிக்கக் கொடியின் வேர்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே அம்மருந்து. தோட்டங்கள் மீண்டன. வணிகர்கள் திரும்பிச் சென்றுவிட்டனர். பீப்பாய் மட்டும் தங்கிவிட்டது. இன்று ரியோஹா முழுவதிலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பீப்பாய்கள் இருட்டறைகளில் அடுக்கப்பட்டுள்ளன. இடையே ஒன்று சொல்லவேண்டும். நாம் தமிழில் "பீப்பாய்" என்று வழங்கும் சொல்லே போர்த்துக்கீசியரின் "பீப்பா" என்பதிலிருந்து வந்ததுதான். மேசையும் அலமாரியும் சாவியும் வந்த அதே கப்பலில் அதுவும் வந்தது.

இனி மரத்தைப் பார்ப்போம். ஓக் மரத்தைக் கருவாலி என்று அகராதிகள் தமிழ்ப்படுத்தும். மற்ற மரங்களிருக்க இதற்கு ஏன் இச்சிறப்பு? வளைத்தால் முறியாது; உளிக்கு இசைந்து கொடுக்கும்; நீர்மம் கசியாது. ஆயினும் காற்று அணுவளவாய் உட்புகும். அவ்வணுவளவுக் காற்றே புதுமதுவின் முரட்டுத் துவர்ப்பைத் தணித்து, நிறத்தை நிலைபெறச் செய்கிறது. பீப்பாய் செய்யும்போது பலகைகளைத் தீயில் காட்டி வளைப்பர். அப்பொழுது உட்புறம் இலேசாகக் கருகும். அக்கருகலிலிருந்து வெண்ணிலா மணமும் புகைமணமும் கிராம்பை ஒத்த மணமும் மதுவில் இறங்குகின்றன. ரியோஹாவினர் நெடுங்காலமாக விரும்பிவருவது அமெரிக்க வெள்ளை ஓக் மரத்தை. அம்மரத்தில் மிகுதியாக உள்ள லாக்டோன் என்னும் ஒரு பொருள் தரும் மணம் நமக்கு மிகவும் பழகியது. அது தேங்காய் மணம்! சென்ற ஆண்டு கிறித்துமசு நாளில் உடன் பணிபுரியும் நண்பர் இல்லத்தில் இத்தகைய மது இரண்டு மிடறு எனக்குக் கிடைத்தது. ஐரோப்பிய மது என்று முகர்ந்தால், வெயிலில் உலர்த்திய கொப்பரையின் நினைவு வந்தது. சுவை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. மணம் மட்டும் மறக்கவில்லை.

பீப்பாயில் அடைத்துவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணற்க. பழமை பேணும் கூடங்களில் ஆறு திங்களுக்கு ஒருமுறை அடியில் தங்கிய மண்டியை விட்டு, தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றுவர். மாற்றுவோர் மெழுகுவத்தியின் ஒளியில் தெளிவைப் பார்ப்பர். ஆண்டுதோறும் ஒரு பகுதி மரத்தின் வழியே ஆவியாகிப் போகும், அதனை நிரப்பவேண்டும். கலங்கலை நீக்க முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. அது மண்டியோடு அடியில் தங்கிவிடும் என்று சொல்வார்கள். ஆயினும் சைவ நெறியினர் இதனை அறிந்திருத்தல் நலம். "திராட்சைதானே, மரக்கறிதானே" என்று எல்லாப் புட்டிகளையும் பற்றிச் சொல்லிவிட முடியாது.

ஆக, அம்மையாரின் முதல் வினாவுக்கு விடை கிடைத்தது. விலை மரத்துக்கும் காலத்துக்கும் ஆனது. புதிய பீப்பாய் ஒன்று பல நூறு யூரோ பெறும். அதிலிருந்து முந்நூறு புட்டிகள் கிடைக்கும். அப்புட்டிகளும் விற்காமல் ஆண்டுக்கணக்கில் இருளில் கிடக்கவேண்டும். அங்கே முடங்கிய முதலுக்கு வட்டி உண்டன்றோ? இதில் ஏமாற்று நிகழாதிருக்கச் சட்டமும் உண்டு. ரியோஹாவுக்கு 1925-இலேயே பெயர்க்காப்பு ஏற்பட்டது. 1991-இல் ஸ்பெயினிலேயே முதன்முதலாக உயர்தரப் பெயர்க்காப்பும் அதற்குக் கிடைத்தது. புட்டியின் பின்புறத்தில் ஒட்டிய சிறு சீட்டைப் பாருங்கள். "கிரியான்சா" என்றிருந்தால் இரண்டாண்டு முதிர்ந்தது, அதில் ஓராண்டேனும் ஓக் பீப்பாயில். "ரெசர்வா" என்றால் மூன்றாண்டு. அதில் ஓராண்டு பீப்பாயில், ஆறு திங்கள் புட்டியில். "கிரான் ரெசர்வா" என்றால் ஐந்தாண்டு. அதில் இரண்டாண்டு பீப்பாயில், இரண்டாண்டு புட்டியில். ஒன்றை மறவாதீர்கள். இச்சீட்டு உறுதி கூறுவது முதிர்ந்த காலத்தையும் பிறந்த இடத்தையும். சுவை நமக்கு உகக்கும் என்பதை அன்று.

சில ரியோஹாப் புட்டிகளின்மேல் பொன்னிறக் கம்பிவலை பின்னியிருக்கும். அது அழகுக்காக என்று பலர் எண்ணுவர். மார்கெஸ் தெ ரிஸ்கால் என்னும் கூடத்தார், வெற்றுப் புட்டியில் மட்ட மதுவை நிரப்பி விற்றவர்களைத் தடுக்க அக்காலத்தில் செய்த காப்பு அது. வலையை அறுக்காமல் தக்கையை எடுக்க முடியாது. நம் நாட்டுக் கடைகளில் புட்டியின் கழுத்தில் ஒட்டும் ஒளிமுத்திரையின் பாட்டன் என்று சொல்லலாம்.

விலையைப் பற்றி இன்னொன்று. வெளிநாட்டு மதுவுக்கு இந்தியாவில் பல்லாண்டுகளாக 150 விழுக்காடு சுங்கவரி விதிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதன்மேல் மாநில வரியும் உண்டு. ஆதலின் அங்கே நாற்பது யூரோவுக்கு விற்பதை இங்கே கடையில் கண்டால் விலை பன்மடங்காயிருக்கும். அம்மிகுதிக்கும் மதுவின் தரத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. "இத்தனை ஆயிரம்" என்று சொல்லிச் சொல்லி வியப்பவர்கள் பாதிக்கு மேல் வரியையே வியக்கிறார்கள்.

நிற்க. புறநானூற்றில் இருக்கிறதென்று அப்பெரியவர் சொன்னது பொய்யன்று. நக்கீரர் பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடிய ஐம்பத்தாறாம் பாட்டில், யவனர் கலத்தில் கொணர்ந்த மணமுள்ள மதுவைப் பற்றிய செய்தி உண்டு. மண்ணும் அதற்குச் சான்று கூறிவிட்டது. 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, அடி கூம்பிய இருகைச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. பின்னர் 2007 முதல், நம் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தார் கொடுங்கல்லூரை அடுத்த பட்டணம் என்னும் ஊரில் அகழ்ந்து, அத்தகைய ஓடுகளை ஆயிரக்கணக்கில் எடுத்தனர். அதுவே பழைய முசிறி என்று பலர் கருதுகின்றனர். கோஸ் தீவு, இத்தாலியின் கம்பானியா முதலிய இடங்களின் மதுச்சாடிகள் அவற்றில் உண்டு.

ஆனால் அந்த மது வேறு, இந்த மது வேறு. அது மண்சாடியில் வந்தது. சாடியின் உட்புறம் பைன் மரப்பிசின் பூசியிருந்தது. ஓக் மரத்தை அது கண்டதில்லை. பருவக்காற்றை நம்பிக் கடல்கடந்து வந்த அரிய பண்டம் ஆதலின் அரசர் அவையில் பொற்கலத்தில் வழங்கப்பட்டது. பாட்டில் இருப்பதனால் நம் வீட்டில் இருக்கலாம் என்றால், அப்பாட்டுகளில் இன்னும் பல இருக்கின்றன, யானைப்படையும் இருக்கிறது. புலவர் பாடியது அக்கால வழக்கத்தை. இக்காலத்து வீட்டுக்கு அதில் ஆணையுமில்லை, தடையுமில்லை.

இரண்டாம் வினாவுக்கு வருவோம். இது காய்ச்சி வடித்த சாராயம் அன்று. பழச்சாறு தானே புளித்து உண்டானது. இதில் ஆல்ககால் நூற்றுக்குப் பதின்மூன்று அல்லது பதினான்கு பங்கு. நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம் முதலியவற்றில் 42.8 பங்கு. இவ்வேறுபாடு பெரிது. ஆயினும் கணக்கை முழுதும் போட்டுப் பாருங்கள். 750 மில்லிலிட்டர் புட்டியில் நூற்றுக்குப் பதினான்கு எனில் 105 மில்லிலிட்டர் ஆல்ககால் இருக்கிறது. அதே அளவு ஆல்ககால் 245 மில்லிலிட்டர் பிராந்தியில் இருக்கும். ஆகவே ஒரு புட்டி திராட்சை மதுவை ஒருவரே ஒரே இரவில் முடித்தால், கால் லிட்டர் பிராந்தி அருந்தியவருக்கு அவர் சற்றும் இளைத்தவர் அல்லர். ஐந்து பேர் உணவோடு பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு கிண்ணம், 150 மில்லிலிட்டர். மருமகப்பிள்ளை கண்ட நாட்டில் அதனை இரண்டாம் முறையிலேயே பெரும்பாலும் அருந்துவர். நம் ஊரில் முதல் முறையில். அம்மையாரின் அச்சம் இங்கேதான் வேரூன்றியிருக்கிறது. அது நியாயமானது.

இதயத்துக்கு நல்லது என்பதைப் பற்றி நான் தயங்காமல் எழுதுவேன். மருந்தென்று சொல்லி இதனை வீட்டுக்குள் விடவேண்டா. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1988-இலேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்தது. எவ்வளவு குறைந்த அளவும் உடல்நலத்துக்குத் தீங்கற்றதென்று கூற இயலாது என 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நிறுவனம் அறிவித்தது. ஓக் மரம் துவர்ப்பைத் தணிக்கும், ஆல்ககாலைத் தணிக்காது. விரும்பி அருந்துவோர் சுவைக்காக அருந்துகிறோம் என்று சொல்லிவிடுவதே நேர்மை. குடியிலிருந்து மீண்டவர் ஒருவர் அவ்வீட்டுக்கு வந்துபோவாராயின், வெள்ளிக் குத்துவிளக்கின் அருகே புட்டியை நிறுத்துவது எனக்கு உடன்பாடன்று.

அன்றியும், அவ்வாறு நிறுத்துவது மதுவுக்கே கேடு. பன்னிரண்டு முதல் பதினாறு பாகை வரையுள்ள இருட்டறையில் ஐந்தாண்டு துயின்றது, இங்கே முப்பது பாகை வெப்பத்தில் கண்ணாடிக்குப் பின் விளக்கொளியில் நிற்கிறது. தக்கையும் ஓக் இனத்து மரம் ஒன்றின் பட்டையே. புட்டி நெடுங்காலம் நிமிர்ந்தே இருந்தால் தக்கை உலர்ந்து காற்று புகும். ஆகவே படுக்க வைக்கவேண்டும். வேறு குளிர்ந்த இடம் இல்லாதவர் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் கிடத்துவது நலம். அலமாரியில் இரண்டு கோடைகள் நின்ற புட்டியைத் திறந்து, "இதற்கா நாற்பது யூரோ" என்று மருமகப்பிள்ளையைக் குறை சொல்வது அறமாகாது.

மூன்றாம் வினா உணவு. எனக்கு மிகவும் உவப்பான பகுதி இதுவே. ஒரு சிறு சோதனையில் தொடங்குவோம். வெற்றிலையும் சுண்ணாம்பும் இன்றி வெறும் கொட்டைப்பாக்கை மென்று பாருங்கள். நாக்கும் அண்ணமும் இழுத்துப் பிடிக்கும். அத்துவர்ப்பைத் தரும் டானின் என்னும் பொருளே செந்நிறத் திராட்சை மதுவிலும் உள்ளது. தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஒரு பகுதி, ஓக் மரத்திலிருந்து ஒரு பகுதி. அது நம் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாய் வறண்டதுபோல் ஆகிறது. வாயில் இறைச்சியோ பாற்கட்டியோ இருந்தால், டானின் அந்தப் புரதத்தையும் கொழுப்பையும் பற்றிக்கொண்டு நாக்கை விட்டுவிடும். மது மென்மையாகும், இறைச்சியின் கொழுப்புத் திகட்டாது. சேர்க்கை நூல்கள் விரித்துரைப்பவற்றுள் பெரும்பகுதி இந்த ஒரு செய்தியில் அடங்கும்.

ரியோஹாவினர் இதனை நூலில் படிக்கவில்லை. தோட்டத்தில் கவாத்துச் செய்த திராட்சைக் குச்சிகளை உலர்த்தி எரித்து, அத்தணலில் இளம் ஆட்டின் விலாத்துண்டுகளை உப்பு மட்டும் தூவிச் சுட்டு உண்பர். கொடியின் கனி கிண்ணத்தில், கொடியின் குச்சி அடுப்பில். உருளைக்கிழங்கைப் பன்றி இறைச்சிக் கொத்தோடும் செம்மிளகாய்த் தூளோடும் வேகவைக்கும் குழம்பும் அங்கே புகழ்பெற்றது. லோக்ரோன்யோ என்னும் தலைநகரில் லௌரெல் தெருவென்று ஒன்றுண்டு. மாலையில் மக்கள் கடைக்குக் கடை நடந்து, ஓரிடத்தில் ஒரு சிறு கிண்ணமும் ஒரு வாய்ப் பலகாரமுமாய் நின்றபடியே உண்டு செல்வர். பூண்டிட்டு வாட்டிய காளானை ரொட்டித் துண்டின்மேல் அடுக்கித் தருவது அத்தெருவின் சிறப்பு. பலகாரமின்றிக் கிண்ணம் மட்டும் கேட்பவரை அங்கே காண்பது குறைவு.

நம் அடுக்களைக்கு வந்தால், முதலில் விலக்கவேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மிளகாய்க் காரத்தை ஆல்ககால் மேலும் எரியச் செய்யும். எரிந்த நாக்குக்கு ஓக் மணமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. வற்றற்குழம்பு, இரசம், ஊறுகாய் ஆகியவற்றோடு இது சேராது. பாயசத்துக்குப் பின் அருந்தினால் மது வெறும் புளிப்பாகும். மீன் இவ்வூர் உணவின் உயிர் என்பதை அறிவேன். ஆனால் குடம்புளியிட்ட மீன்குழம்போடு இதனை வைப்பது இரண்டுக்கும் பகை. செந்நிற மதுவிலுள்ள இரும்புச் சத்து மீனின் கொழுப்போடு கலந்து கவிச்சு நாற்றத்தை எழுப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் கண்டறிந்தனர்.

சேர்வன எவை? இவ்வூர்க் கிறித்தவ இல்லங்களில் ஆப்பத்தோடு வைக்கும் ஆட்டிறைச்சி இஷ்டு முதலிடம் பெறும் என்பது என் துணிபு. தேங்காய்ப்பாலின் கொழுப்பு, கிராம்பு, பட்டை, சிறிது மிளகு, பச்சைமிளகாய் பெயரளவுக்கு. அமெரிக்க ஓக் தந்த தேங்காய் மணமும் கிராம்பு மணமும் எங்கிருந்து வருகின்றன, கிண்ணத்திலிருந்தா தட்டிலிருந்தா என்று ஐயுறும்படி இசையும். மிளகும் தேங்காய்க் கீற்றும் இட்டு வறட்டிய மாட்டிறைச்சி, காரம் குறைந்த வாத்துக்கறி ஆகியனவும் நன்று. நாஞ்சில் நாட்டு ஆட்டுக்கறியில் வற்றல்மிளகாயைப் பாதியாக்கி மல்லியையும் மிளகையும் கூட்டினால் அதுவும் பொருந்தும். மரக்கறி உண்போர் மிளகிட்டு வாட்டிய காளான், எண்ணெயில் முறுக வறுத்த சேனைக்கிழங்கு, தேங்காய் அரைத்துவிட்ட கொண்டைக்கடலை, சுட்ட கத்தரிக்காய் ஆகியவற்றை வைக்கலாம். சுடும் புகையை ஓக் மணம் விரும்பும். தயிர்ச்சோற்றோடு எவரும் முயலவேண்டா.

"அறை வெப்பத்தில் அருந்துக" என்று அயல்நாட்டு நூல்கள் எழுதுவது அவர்கள் அறையை எண்ணி. பதினாறு முதல் பதினெட்டுப் பாகை வேண்டும். நம் வீட்டில் ஒரு மணிப்பொழுது குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் ஏறக்குறைய அந்நிலை எய்தும். அடியில் மண்டி படிந்திருந்தால் அழுக்கென்று அஞ்சவேண்டா. முதிர்ந்த மதுவில் அது இயல்பு. ஒரு நாள் முன்னே நிமிர்த்தி வைத்து, மெல்லச் சாய்த்து ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிடுக. அருந்தாதவருக்கும் அதே அளவு அழகிய குவளையில் நன்னாரிச் சர்பத்தோ மோரோ வைக்கவேண்டும். மது வைக்கப்பட்டவர் விருந்தினர், மற்றவர் பரிமாறுவோர் என்றாகிவிடலாகாது. கேரளத்தில் இருபத்துமூன்று வயது நிரம்பாதவர்க்கு மது வழங்கச் சட்டம் இடந்தராது என்பதையும் நினைவில் வைக்க. மீந்த புட்டியைத் தமிழ்நாட்டிலுள்ள உறவினருக்கென்று வண்டியில் எடுத்துச் செல்வதும் கூடாது. எல்லை கடந்தால் வேறு சட்டம், வேறு வரி.

திறந்தது மீந்தால் தக்கையிட்டுக் குளிர்பெட்டியில் மூன்று நான்கு நாள் இருக்கும். அதன்பின் இறைச்சி வேகவைக்கப் பயன்படுத்தலாம் என்பர். கொதித்தால் ஆல்ககால் முழுதும் போய்விடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி அரைமணி நேரம் கொதித்த பின்னும் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு எஞ்சும். ஒரு மணியில் இருபத்தைந்து. இரண்டரை மணி கொதித்தாலும் ஐந்து பங்கு நிற்கும். ஆதலின் அக்குழம்பைக் குழந்தைகளுக்கும் விரதம் காப்போருக்கும் இடாமல், அவர்களுக்கென்று அடுப்பின் மறுபுறத்தில் வேறொரு சட்டி வைத்துவிடுக.